வழியில் எங்கும் நிற்கவில்லை

ஒரு கட்சிக்காரி இன்னொரு கட்சிக்காரியை நம்பக்கூடாது என்பதுதான் அங்கே தேர்தல் சட்டத்தின் அடிப்படை. வாக்குப்பெட்டியைத் திறப்பதென்றால் இரண்டு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவர் கூட நிற்க வேண்டும். முத்திரை வைப்பதென்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சாவடி மூடியதும் பெட்டியை மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும்போது இருவரும் ஒரே காரில் போக வேண்டும். வழியில் எங்கும் நிற்கக் கூடாது. ஒருத்தி திருடினால் மற்றவள் காட்டிக்கொடுப்பாள் என்ற கணக்கில் எழுதிய சட்டம். ஒஹையோ மாநிலத்தில் ஆல்ட்ரிட்ஜ் என்ற சின்ன ஊரில் லோர்னா கெஸ்டர்சனும் டெல்ஃபீன் நோவாக்கும் அந்தச் சட்டத்தை இருபது வருடம் மனதார மீறினார்கள். ஒருத்தியை ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

லோர்னா குடியரசுக் கட்சி. பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் அப்பா, அத்தைகள், இறந்துபோன கணவன், கணவன் வளர்த்த நாய் வரை எல்லோரும் குடியரசுக் கட்சிதான் என்று டெல்ஃபீன் கேலி செய்வாள். டெல்ஃபீன் ஜனநாயகக் கட்சி. அவள் கணவன் டெட் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவன், தொழிற்சங்கத்துக்காரன். இரண்டு பெண்களும் முதன்முதலாகச் சந்தித்தது இரண்டாயிரமாவது ஆண்டு நவம்பர் மாதம், மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு.

"உங்க ஆளு ஜெயிச்சா நாடு நாசமாப் போயிடும். தெரியும்ல?" என்றாள் டெல்ஃபீன், பெயரைக்கூடச் சொல்லாமல்.

"உங்க ஆளு எட்டு வருஷம் பண்ணினதுக்கு மேலயா நாசமாகப் போகுது?"

"சரிதான். காபி போட்டிருக்கேன், குடிக்கிறியா?"

அந்தக் காபியோடு சினேகம் ஒட்டிக்கொண்டது. அன்று ராத்திரி மாவட்ட அலுவலகத்து வரிசையில் நின்றபோது மழை. படிவத்தில் "வழியில் எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்தோம்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட ஒருத்திக்குப் பேனா அகப்படவில்லை, மற்றவளுக்கு மூக்குக் கண்ணாடி அகப்படவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த தேர்தலில் டெல்ஃபீன் ஒரு வழி கண்டுபிடித்தாள். தேவாலயத்து மேசையிலேயே, கிளம்புவதற்கு முன்பே, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவது.

"போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தோம்னு எழுதறதா?" என்று லோர்னா தயங்கினாள்.

"நிலாவுக்கா போறோம்? பதினெட்டு மைலுடி. போடு கையெழுத்தை."

போட்டாள். பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் போட்டாள். தப்பு என்று தெரியும். வேகத்தை ஐந்து மைல் கூட்டி ஓட்டுவதுபோன்ற தப்பு. யார் கேட்கப்போகிறார்கள்?

நாடு எப்படிப் போயிற்று என்பதை அந்த நிலவறையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். விமானங்கள் மோதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறுவருடம் வந்தவர்களில் பாதிப் பேர் நெஞ்சில் கொடி குத்திக்கொண்டு வந்தார்கள், வரிசையில் நிற்கும் பயல்கள் எல்லாம் சண்டைக்குப் போவதைப்பற்றியே பேசினார்கள். லோர்னாவின் மகன் டாரல் பேசியதோடு நிற்காமல் போயே விட்டான். அதே வருடம் கண்ணாடித் தொழிற்சாலையைப் பூட்டி இயந்திரங்களை மெக்சிகோவுக்குக் கப்பலேற்றினார்கள். டெட் ஒரு வாரம் வீட்டு நடைபாதையைப் பெருக்கிக்கொண்டே இருந்தான், அப்புறம் குடிக்க ஆரம்பித்தான், சில வருடத்தில் குடியே அவனைக் கொண்டுபோயிற்று. ஈராக்கில் சாலையோரக் குண்டு வெடித்து முதுகெலும்பு நசுங்கி டாரல் திரும்பி வந்தான். டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பழக்கமாகாத மாத்திரை என்று கம்பெனிக்காரர்கள் சத்தியம் பண்ணியிருந்தார்களாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று டெல்ஃபீன் சபிப்பாள்.

வங்கிகள் விழுந்த வருடம் வாக்களிக்க வந்தவர்களிடம் முகவரி கேட்டால் பதில் சொல்ல வாய் வரவில்லை. வீடு போய்விட்டது, வாக்காளர் புத்தகத்தில் மட்டும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். அதற்கப்புறம் வந்த தேர்தல்களில் அந்தப் புத்தகத்தில் கோடு போட்டு அடித்த பெயர்கள் பெருகின. இறந்தவர்கள் பெயரை அடிப்பது வழக்கம்தான், ஆனால் பிறந்த வருடத்தைப் பார்த்தால் எண்பத்தொன்று, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று இருந்தது. லோர்னா பேருந்தில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோன பிள்ளைகள். இரண்டாயிரத்துப் பதினாறில் அடிபட்டிருந்த பெயர்களில் ஒன்று ஸ்டீஃபன் நோவாக், டெல்ஃபீனின் ஒரே மகன். அந்தப் பக்கம் வந்தபோது லோர்னா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானே திருப்பறேன் விடு," என்றாள் டெல்ஃபீன். திருப்பினாள். மதியம் அவள் கொண்டுவந்திருந்த முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்து வேகவைத்த உருண்டைகளை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அன்று முதல் டெல்ஃபீன் கைப்பையில் மூக்கில் அடிக்கும் மருந்து இரண்டு எப்போதும் இருந்தது. மாத்திரை அதிகமாகி மூச்சு நின்றவனை எழுப்பும் மருந்து. தன் பிள்ளைக்குக் கிடைக்காததை ஊரான் பிள்ளைக்காகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

அதே வருடம் ஊர் இரண்டாகப் பிளந்தது. இருவரும் எதிரெதிர் ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள், அதைப்பற்றிப் பேசுவதில்லை என்று வாய்விட்டே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிறகு கொள்ளைநோய் வந்தது. இரண்டாயிரத்து இருபது தேர்தலன்று நிலவறையில் எல்லோர் முகத்திலும் துணி, துணி கட்டாதவர்கள் முகத்தில் கோபம், எதிர்ச்சாரியில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் நாள் முழுக்க நின்றான். "ஓட்டைத் திருடறாங்களான்னு பாத்துக்கிட்டிருக்கேன்," என்று டெல்ஃபீனிடம் சொன்னான். "நல்லாப் பாருப்பா, பசிச்சா உள்ளே வா," என்றாள் அவள்.

அப்போது டாரல் லோர்னாவின் வீட்டில்தான் இருந்தான், ஒன்பது வயது மகள் பிரின்லியோடு. பிரின்லியின் அம்மா செத்து நாலு வருடம். அம்மாவின் தங்கை இண்டியானாவிலிருந்து குழந்தையைத் தன்னிடம் தரவேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தாள். நீதிபதி டாரலுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்: மாத்திரை பக்கம் போகாமல் இரண்டு வருடம் இருந்து காட்டினால் மகள் அவனுக்கு, ஒருதரம் சறுக்கினாலும் குழந்தை இண்டியானாவுக்கு. பதினோரு மாதம் ஓடியிருந்தது. லோர்னா நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள்.

ஏழரைக்குச் சாவடி மூடியது. படிவத்தில் இருவரும் வழக்கம்போல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டார்கள். பின்சீட்டில் சாப்பாட்டுப் பாத்திரங்களும் அறிவிப்புப் பலகைகளும் நிரம்பிவிட்டதால் கைப்பைகளைக் காரின் பின்பெட்டியில், முத்திரை வைத்த வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு மூடினார்கள். லோர்னா வண்டியை எடுத்துத் தெருமுனை திரும்பியதும் போன் அடித்தது. பிரின்லி.

"பாட்டி, அப்பா பாத்ரூம்ல விழுந்து கிடக்கார். எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கறார். உதடெல்லாம் நீலமா இருக்கு."

ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். லோர்னாவின் வீடு மூன்று தெரு தள்ளி. அவள் கால் பிரேக்கையும் அழுத்தவில்லை, ஆக்சிலேட்டரையும் அழுத்தவில்லை. வண்டி தானாக ஊர்ந்தது.

"திருப்பு வண்டியை," என்றாள் டெல்ஃபீன்.

"பெட்டி இருக்கே!"

"பெட்டி கிடக்கட்டும்டி! திருப்பு!"

வீட்டு வாசலில் நிறுத்தியதும் டெல்ஃபீன், "நீ ஓடு, நான் பெட்டிகிட்ட நிக்கிறேன்," என்றாள். அந்த நேரத்திலும் சட்டம் அவள் நினைவில் இருந்தது. லோர்னா உள்ளே ஓடினாள். டாரல் குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தான். தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் போட்ட அலறல் தெருவரை கேட்டது. டெல்ஃபீன் பின்பெட்டியைத் திறந்து கைப்பையை இழுத்தெடுத்து, படாரென்று மூடிவிட்டு ஓடிவந்தாள். மருந்தை அவன் மூக்கில் அடித்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள், கொள்ளைநோய்க் காலத்தில், அறுபத்தெட்டு வயதில். மூன்று நிமிடம் கழித்து டாரல் இருமினான்.

"ஆம்புலன்சைக் கூப்பிடாதே," என்று லோர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூப்பிட்டா பதிவாயிடும். குழந்தையைக் கொண்டுபோயிடுவாங்க."

"மருந்து வேகம் இறங்கினதும் மறுபடி மயங்கினா?"

"டெல்ஃபீன், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

டெல்ஃபீன் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிரின்லியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டாவது மருந்தை அவள் கையில் கொடுத்து, அப்பா கண் மூடினால் எந்த மூக்கில், எப்படி, எவ்வளவு அழுத்தி அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஒன்பது வயசுக் குழந்தை. ஒருதரம் காட்டியதும் புரிந்துகொண்டாள்.

பதினோரு நிமிடத்தில் திரும்ப வண்டியில் ஏறினார்கள். முத்திரை அப்படியே இருந்தது. டெல்ஃபீன் மடியில் படிவம் இருந்தது.

"இதைக் கிழிச்சுட்டு, அவசரத்துல ஒரு இடத்துல நின்னோம்னு உள்ளதை எழுதிடுவோம்," என்றாள்.

"எதுக்கு நின்னீங்கன்னு கேப்பாங்களே. என்ன சொல்றது?"

அஞ்சு மைல் போயிற்று. டெல்ஃபீன் படிவத்தை நீவி மடிப்பெடுத்தாள். அலுவலகத்தில் அதை அவளே கொடுத்தாள்.

ஆறு மாதம் ஒன்றும் இல்லை. தலைநகரில் கும்பல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாராளுமன்றத்துக்குள் புகுந்ததை இருவரும் அவரவர் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், அதைப்பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. மே மாதம், லோர்னாவின் எதிர்வீட்டு ஃபாரெஸ்ட் இங்கிள் தன் கதவுமணியில் பொருத்தியிருந்த கேமராவின் பழைய பதிவுகளைத் துழாவினான். தேர்தல் திருட்டைத் தேடித் தேடி இரவுபகலாகக் கண் பூத்துப்போயிருந்தவன். பன்னிரண்டு விநாடிப் படம் ஒன்று கிடைத்தது. தேர்தல் நாள் இருட்டில் ஒரு கார் நிற்கிறது. ஒரு கிழவி தனியாகப் பின்பெட்டியைத் திறக்கிறாள், குனிகிறாள், ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

அதை இணையத்தில் போட்டான், இரண்டு நாளில் நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். சாவடியின் ஓட்டுகளை இரண்டு தடவை எண்ணியாயிற்று, ஒன்றுகூடக் குறையவில்லை, முத்திரை எண் சரியாக இருந்தது என்று மாவட்ட அலுவலகம் அறிக்கை விட்டது. யாருக்கு வேண்டும் எண்? படம் இருக்கும்போது எண்ணை யார் படிப்பார்கள்?

விசாரணை செப்டம்பரில் நடந்தது. முந்தின நாள் டாரல் சமையலறைக்கு வந்தான். அந்தச் சறுக்கலுக்குப் பிறகு ஒழுங்காக இருந்தான், சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தான், முகத்தில் சதை வைத்திருந்தது.

"அம்மா, நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"தெரியலைடா."

"அவங்க இல்லேன்னா நான் செத்திருப்பேன். அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆனா பிரின்லியைக் கொண்டுபோயிட்டா அப்புறம் நான் எதுக்கு நிதானமா இருக்கணும், சொல்லு."

அவன் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

நீதிமன்றத்தின் மேல்மாடிக் கூடத்தில் நிற்க இடமில்லை. டெல்ஃபீன் முதலில் கூப்பிடப்பட்டாள். பின்பெட்டியிலிருந்து எதை எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். "என் கைப்பையை," என்றாள். எதற்கு? "தேவைப்பட்டது." என்ன தேவை? டெல்ஃபீன் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டார்கள். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். லோர்னா எதற்காக வண்டியை நிறுத்தினாள் என்று கேட்டபோது, "அதை அவளையே கேளுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

லோர்னா ஏறினாள். மாநிலத் தலைநகர் கொலம்பஸிலிருந்து வந்திருந்த வக்கீல், சின்னப் பையன், அவளை மரியாதையாக நடத்தினான். அவள் அவன் கட்சி.

"திருமதி கெஸ்டர்சன், வண்டியை ஏன் நிறுத்தினீங்க?"

"பேத்தி போன் பண்ணினா. குடும்ப விஷயம்."

"நீங்க உடனே வீட்டுக்குள்ள போயிட்டீங்க, இல்லையா?"

"ஆமாம்."

"திருமதி நோவாக் காருக்குப் பக்கத்துலயே நின்னாங்க. அப்படி நிக்கறதா அவங்களேதான் சொன்னாங்களா?"

"அவங்களேதான் சொன்னாங்க."

"அவங்க பின்பெட்டியைத் திறந்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இல்லை."

"வாக்குப்பெட்டியை அவங்க தொடலைன்னு உங்களால சத்தியமாச் சொல்ல முடியுமா?"

டெல்ஃபீன் முதல் வரிசையில் இருந்தாள், நல்ல நீல உடுப்பு போட்டிருந்தாள், தேவாலயத்துக்குப் போடுவது. அவள் லோர்னாவைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்கலை," என்றாள். "பார்க்காததுக்குச் சத்தியம் பண்ண முடியாது."

அவ்வளவுதான். குற்றம் சாட்ட ஆதாரம் போதாது என்று வழக்குப் பதியவில்லை. படிவத்தில் பொய் எழுதியதற்காக இருவரையும் கண்டித்தார்கள். டெல்ஃபீனை ஆயுளுக்கும் தேர்தல் வேலையிலிருந்து நீக்கினார்கள், ஒத்துழைத்ததற்காக லோர்னாவுக்கு மன்னிப்பு. வெளியே யாரோ லோர்னாவின் கையைக் குலுக்கினார்கள். அவள் கையை உருவிக்கொண்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் டெல்ஃபீன் தன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு நின்றாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று லோர்னா எதிர்பார்த்தாள். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"டாரல் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள் டெல்ஃபீன்.

"பரவாயில்லை. பத்து மாசம் ஆச்சு."

"குழந்தை?"

"ஸ்கூல் போறா."

டெல்ஃபீன் தலையாட்டினாள். சாவி கிடைத்தது. கதவைத் திறந்துவிட்டுச் சொன்னாள், "ஒரு வார்த்தைகூட நீ பொய் சொல்லலை, லோர்னா. பொய் சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது."

அதன்பிறகு ஊர் டெல்ஃபீனைக் கவனித்துக்கொண்டது. கராஜ் கதவில் சிவப்புச் சாயத்தில் திருடி என்று எழுதினார்கள். தபால்பெட்டியில் செத்த எலி போட்டார்கள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசையில் மற்றவர்கள் உட்காரவில்லை, அவள் மகனுக்கு ஞானஸ்நானம் நடந்த அதே தேவாலயம். எலி போட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் பள்ளி உணவகத்தில் இருபது வருடம் பரிமாறியிருந்தாள், அது யாருக்கும் ஞாபகமில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு டொலீடோவில் இருக்கும் மகள் ஜோனெல்லிடம் போய்விட்டாள். ஜோனெல் வீட்டிலேயே ஆறு சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தொழில் செய்துவந்தாள். டெல்ஃபீன் கிளம்பிய அன்று லோர்னா தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று வண்டி போவதைப் பார்த்தாள். வாசலுக்கு வரவில்லை.

டாரலின் இரண்டு வருடமும் முடிந்தது. நீதிபதி கை குலுக்கினார், பிரின்லி அப்பாவிடமே இருந்தாள். இதற்காகத்தானே என்று லோர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து இருபத்து நாலு மார்ச்சில் டாரலுக்கு முதுகுவலி தாங்கவில்லை. சிநேகிதன் ஒருவன் ஒரே ஒரு மாத்திரை கொடுத்தான். அதில் கடுகளவிலேயே ஆளைக் கொல்லும் ஃபெண்டனில் கலந்திருந்தது. வேலை முடிந்து லாரிக்குள்ளேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டவனைக் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். அடக்கம் முடிந்த பத்தாம் நாள் இண்டியானாவிலிருந்து சித்தி வந்தாள். பிரின்லி தன் பெட்டியைத் தானே கட்டினாள், பதின்மூன்று வயசு. வண்டியில் ஏறும்போது பாட்டியைக் கட்டிக்கொள்ளவில்லை.

"டெல்ஃபீன் ஆன்ட்டியைப் பத்தி எல்லாரும் தப்பாப் பேசும்போது நடந்ததை நான் சொல்றேன்னு சொன்னேன்," என்றாள். "நீங்கதான் வேண்டாம்னீங்க. நானும் சொல்லாமலே இருந்துட்டேன்."

இனி மறைக்க லோர்னாவிடம் யாரும் இல்லை. காலியான வீட்டில் மூன்று மாதம் நடந்தாள். எதைச் சமைத்தாலும் மிஞ்சியது. பிறகு ஒரு நாள் காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

மாவட்டத் தேர்தல் குழு மாதம் ஒருமுறை கூடும். குடிமக்கள் யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் நின்று மூன்று நிமிடம் பேசலாம். மேசைமேல் ஒரு சின்ன விளக்குப் பெட்டி இருக்கும். பச்சை எரிந்தால் பேசு, சிவப்பு எரிந்தால் நிறுத்து. லோர்னா சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து ஏழு தடவை படித்துப் பழகினாள். ஜூன் மாதக் கூட்டத்துக்குப் போனாள். அவளுக்கு முன்னால் பேசியவர் தபால் ஓட்டைப்பற்றிக் கத்திவிட்டு உட்கார்ந்தார்.

லோர்னா எழுந்துபோய்க் காகிதத்தைப் பிரித்தாள். மார்ச்சில் செத்துப்போன மகன் அன்று தரையில் கிடந்ததைச் சொன்னாள். கைப்பையில் மருந்து இருந்ததைச் சொன்னாள். கிழவி வாயோடு வாய் வைத்து ஊதியதை, குழந்தைக்கு மருந்தடிக்கச் சொல்லிக்கொடுத்ததை, படிவத்தைக் கிழிக்கலாம் என்று அவள் சொன்னதை, தான் கெஞ்சியதைச் சொன்னாள். "டெல்ஃபீன் நோவாக் எதையும் திருடலை. திருடினவ நான்தான். அவ பேரைத் திருடினேன்," என்று முடித்தாள். விளக்கு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடமாக அவளைத் தெரிந்தவர்.

"நன்றி, லோர்னா. அடுத்தது யாரு?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?" கூடமே சிரித்தது.

அவள் பேசியதை யாரோ படம் பிடித்திருந்தார்கள். எதிராளி விலைக்கு வாங்கிவிட்டான், தேர்தல் வருடமாயிற்றே என்று அவள் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு கிழவிகளும் ஆரம்பத்திலிருந்தே கூட்டுக் களவாணிகள் என்றார்கள் இன்னும் சிலர். அவள் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள், ஒட்டுப்போட அட்டைகூட வாங்கி வைத்திருந்தாள். அவள் எதிர்பார்க்காதது அந்தப் பக்கத்து ஜனநாயகக் கட்சிக்காரர்களை. டெல்ஃபீனை அவர்கள் தியாகி ஆக்கிவிட்டார்கள். அவள் எங்கே இருக்கிறாள், பேட்டி எடுக்க வேண்டும், மேடையில் ஏற்ற வேண்டும் என்று தேடி அலைந்து, டொலீடோ வீட்டின் முகவரியை எவனோ பெருமையாக எழுதிப் போட்டான். முகவரி கிடைத்தபின் பூங்கொத்து கொண்டுவருபவனும் கல்லெறிபவனும் ஒரே வாசலுக்குத்தானே வருவார்கள்.

ஒன்பதாம் நாள் காலை போன் அடித்தது. தெரியாத எண்.

"நான்தான்," என்றாள் டெல்ஃபீன். குரல் மெலிந்திருந்தது.

"டெல்ஃபீன்!" லோர்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பார்த்தியா? நான் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி."

"பார்த்தேன். டாரல் போனது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அழுதேன்."

"உன் பேரு..."

"இங்க எனக்குப் பேரே இல்லை லோர்னா. ரெண்டரை வருஷமா நான் வெறும் ஜோனெல்லோட அம்மா. தெருவுல யாருக்கும் என்னைத் தெரியாது. குழந்தைங்களுக்குச் சோறு ஊட்டிட்டு, மத்தியானம் தூங்கிட்டு, நிம்மதியா இருந்தேன். என்னை மறந்துட்டாங்க." பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, யாரோ சமாதானம் சொன்னார்கள். "நேத்து ரெண்டு வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு. இன்னிக்கு ஜோனெல் பேரைச் சொல்லி ஒருத்தன் போன்ல, வீட்டைக் கொளுத்துவேன்னான். ஆறு குழந்தைல நாலைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அஞ்சாவதோட அம்மா இதோ நிக்கறா."

"நான் உனக்காகத்தான்..."

"எனக்காகன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணியிருப்பே. சொல்லட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பே." டெல்ஃபீன் கோபப்படவில்லை. பேருந்து போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அன்னிக்கு உன் பிள்ளைக்காக நான் வாயை மூடினேன். இன்னிக்கு நீ உனக்காக வாயைத் திறந்திருக்கே. மனசு லேசாச்சா?"

இந்த இரண்டரை வருடத்தில் டொலீடோ எண்ணைத் தேடி ஒரு தடவைகூடத் தான் அழைத்ததில்லை என்பது அந்த நிமிடம்தான் லோர்னாவுக்கு உறைத்தது.

"குழந்தைக்கு ஷூ மாட்டணும்," என்றாள் டெல்ஃபீன். "அவங்க அம்மா காத்துக்கிட்டிருக்கா. வைக்கிறேன்."